சுட்ட பம்பும் சுடாத பம்பும்: நீர் சூடேறிய ஒரு ஹைட்ரோபோனிக் அமைப்பின் நிகழ்வு ஆய்வு

காலை 6 மணி. விளக்குகள் அணைந்து எட்டு மணி நேரம் ஆகியிருந்தது. அறைக்குள் 25 டிகிரி. மண்ணே இல்லாமல் நீரில் செடி வளர்க்கும் என் ஹைட்ரோபோனிக் அமைப்பின் வாளிக்குள் இருந்த ஊட்டக் கரைசல் 29.8 டிகிரி.

இரவு முழுவதும் குளிர்ந்த அறையில் நின்ற நீர், அறையை விட ஏறக்குறைய 5 டிகிரி சூடாக இருந்தது. வெயிலைக் காரணம் சொல்ல முடியாது, விளக்கையும் சொல்ல முடியாது. அமைப்புக்கு உள்ளேயே ஏதோ ஒன்று ராப்பகலாக நீரைச் சுட வைத்துக்கொண்டிருந்தது. அது ஏர் பம்ப்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. தொட்டால் கை சுடும், அதிலிருந்து வரும் காற்றும் சூடு. அதே காற்றைத்தான் வேர்களுக்கு நடுவில் குமிழியாக விடுகிறோம். வேறு என்ன காரணம் வேண்டும்?

அந்த எண்ணம் பாதிதான் சரி. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. இதே தொல்லையோடு இருப்பவர்களுக்கு அந்த மூன்று வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் எல்லாவற்றையும் எண்களோடு எழுதி வைக்கிறேன்.

அமைப்பு இதுதான்

ஆறு வாளிகள், ஒவ்வொன்றிலும் 15 லிட்டர் கரைசல். அவற்றோடு 30 லிட்டர் தாய்த் தொட்டி ஒன்று. ஆக மொத்தம் 120 லிட்டர். தொட்டிக்குள் மூழ்கிக் கிடக்கும் சப்மெர்சிபிள் பம்ப் கரைசலை வாளிகளுக்கு அனுப்பும், அது தன் எடையிலேயே வழிந்து தொட்டிக்குத் திரும்பும். நான்கு வாளிகளில் லெட்டூஸ் கீரை, இரண்டில் பேசில் (ஒரு வகைத் துளசி). ஒவ்வொரு வாளியிலும் ஒரு காற்றுக்கல் (காற்றைச் சிறு குமிழிகளாக்கும் நுண்துளைக் கல்), தொட்டியில் ஒன்று. ஏழு கல்லுக்கும் சேர்த்து ஒரே ஏர் பம்ப். பிஸ்டன் வகை, அலுமினிய உடம்பு, நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று அதன் மேல் எழுதியிருந்தது. கல், டியூப் எல்லாவற்றின் எதிர் அழுத்தத்தையும் தாண்டி உண்மையில் 30 லிட்டர் போல வந்தது.

வாட் மீட்டரில் போட்டுப் பார்த்தபோது ஏர் பம்ப் 35 வாட் எடுத்தது, சப்மெர்சிபிள் 24 வாட். இந்த இரண்டு எண்ணும் பின்னால் திரும்பத் திரும்ப வரும்.

பிஸ்டன் பம்ப் விடாமல் உறுமும். அந்தச் சத்தம் பொறுக்காமல் ஒரு பிளைவுட் பெட்டி செய்து, உட்புறம் முழுக்க ஃபோம் ஒட்டி, பம்பை அதற்குள் வைத்திருந்தேன். இடம் மிச்சமாகும் என்று தாய்த் தொட்டியையும் அதே பெட்டிக்குள் நகர்த்தியிருந்தேன். சத்தம் நின்றது. அப்போது அது எனக்குப் பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

முதல் அறிகுறி

நடுப்பகலில் லெட்டூஸ் இலைகள் துவண்டன. வேர் நீரில்தான் நிற்கிறது, ஆனாலும் இலை வாடுகிறது. மண்ணில் வளர்ப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். நீரில் வளர்ப்பவர்களுக்கு இதை விடத் தெளிவான எச்சரிக்கை கிடையாது. வேர் நீரை உறிஞ்சும் வேலையை விட்டுவிட்டது என்று அர்த்தம்.

செடி உட்கார்ந்திருக்கும் வலைக்கிண்ணம், அதாவது நெட் பாட், ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று தொங்க வேண்டிய வேர்க்கற்றை தேநீர் நிறத்தில், நுனியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தேன். வெளித்தோல் உறை போலக் கழன்று விரலோடு வந்துவிட்டது. உள்ளே நூல் மாதிரி மெல்லிய நடு இழை மட்டும் செடியோடு நின்றது. தேங்கிய குட்டை போல ஒரு வாடை. இது பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரால் வரும் வேரழுகலின் அடையாளம். பித்தியத்தில் பல இனங்கள் உண்டு. அவற்றில் அஃபனிடெர்மேட்டம் என்ற இனத்துக்கு 30 டிகிரியும் அதற்கு மேலும் உள்ள நீர் நன்றாகவே பிடிக்கும். என் வாளிகளில் அதற்கு வசதியாகப் படுக்கை போட்டு வைத்திருந்தேன்.

சூடான நீர் ஏன் கெடுதல் என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் ஆக்ஸிஜன். அது உண்மை. காற்றோடு முழுமையாகக் கலந்த நன்னீரில் 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்ஸிஜன் நிற்கும், 25 டிகிரியில் 8.3, 30 டிகிரியில் 7.6. ஆனால் இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் ‘20-லிருந்து 30-க்குப் போனாலும் பதினாறு, பதினேழு சதவீதம்தானே குறைகிறது’ என்று தோன்றிவிடும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேரின் மூச்சு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வேரோடு ஒட்டி வாழும் நுண்ணுயிர்களுக்கும் அதே கதை. வரவு சற்றுக் குறைய, செலவு மடமடவென்று ஏறும்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் லெட்டூஸை மிதவை முறையில் வளர்த்த ஓர் ஆய்வு 1998-ல் வெளியானது. பகல் காற்று 31 டிகிரி இருந்தாலும், வேர்க்குளத்தை 24 டிகிரியில் வைத்தால் விற்பனைத் தரத்தில் லெட்டூஸ் கிடைத்தது என்று அதில் கண்டார்கள். இலை எவ்வளவு சூட்டில் நிற்கிறது என்பதை விட வேர் எவ்வளவு சூட்டில் நிற்கிறது என்பதே லெட்டூஸுக்குப் பெரிய விஷயம். அதனால் 24 டிகிரியை என் இலக்காக வைத்துக்கொண்டேன்.

நான் செய்த முதல் தவறு

அழுகலைப் பார்த்த பதற்றத்தில் முதலில் செய்தது வாளிகளுக்குப் போர்வை போட்டது. ஃபாயில் ஒட்டிய ஃபோம் ஷீட்டை வாங்கி, ஆறு வாளிகளையும் சுற்றிக் கட்டினேன். விளக்கின் சூடு உள்ளே போகாது, நீர் குளிர்ந்துவிடும் என்று நம்பினேன். அதற்கு முன் நீர் 28.5 டிகிரியில் நின்றது. கட்டிய மூன்றாம் நாள் 30.

நான்கு நாள் இதை நம்பாமல் தெர்மாமீட்டரைச் சந்தேகப்பட்டேன். அந்தச் சந்தேகத்தால் ஒரு நல்லதும் நடந்தது. கையில் இருந்த மூன்று தெர்மாமீட்டர்களையும் ஒரே டம்ளர் நீரில் பத்து நிமிடம் போட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கொன்று 0.8 டிகிரி வரை வித்தியாசம் காட்டின. ஒவ்வொன்றின் மேலும் எவ்வளவு கழிக்க வேண்டும், கூட்ட வேண்டும் என்று டேப் ஒட்டி எழுதிவிட்டேன். இந்த ஆய்வில் வரும் எல்லா எண்களும் அந்தத் திருத்தத்துக்குப் பிறகு எடுத்தவை. ஒரு டிகிரி, அரை டிகிரி வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்கப் போகிறவர்கள் இந்த டம்ளர் வேலையைச் செய்யாமல் தொடங்கவே வேண்டாம்.

திருத்திய பிறகும் 30 டிகிரி 30-ஆகவே நின்றது. போர்வைக்குத் திசை தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. வெளியே சூடு இருந்தால் அது உள்ளே வராமல் தடுக்கும். உள்ளே சூடு இருந்தால் அது வெளியே போகாமல் தடுக்கும். என் நீர் அறையின் சராசரியை விட (அது 26.5 டிகிரி) ஏற்கெனவே சூடாக இருந்தது. அப்படியானால் வாளியின் வெறும் பிளாஸ்டிக் சுவர் வழியாக அது சூட்டை இழந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். அந்த ஒரே வழியையும் நான் அடைத்துவிட்டேன்.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது, செலவே இல்லாதது. ஒரு நாள் முழுக்க அறையின் வெப்பத்தைக் குறித்து சராசரி எடுங்கள், நீரின் சராசரியையும் எடுங்கள். நீர் ஓரளவு ஆவியாகிக்கொண்டே இருப்பதால் அது அறைக்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ இருக்க வேண்டும். நீர் அறையை விடச் சூடாக இருந்தால், நேரடி வெளிச்சம் படாத அமைப்பில், சூடு உங்கள் சாதனங்களிலிருந்துதான் வருகிறது. போர்வை கட்டுவதும் ஐஸ் போடுவதும் அதற்கு அப்புறம்.

மூன்று வாளிச் சோதனை

இந்த இடத்தில் ஒரு நண்பர் வந்து பார்த்தார். பல வருடமாக மீன் தொட்டி வைத்திருப்பவர். ஏர் பம்பைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார். அப்புறம் தாய்த் தொட்டிக்குள் கையை விட்டு சப்மெர்சிபிளைத் தொட்டார்.

“இது ஜில்லுன்னு இருக்கே,” என்றார்.

“ஆமா, அதுல பிரச்னை இல்ல. இந்த ஏர் பம்ப்தான்.”

“இது எத்தனை வாட்?”

“இருபத்து நாலு.”

“அந்த இருபத்து நாலு வாட்டும் எங்க போகுதுன்னு நினைக்கிறீங்க?”

அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான் இந்த ஆய்வின் திருப்பம். மின்சாரமாக உள்ளே போகும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். நீரைத் தள்ளிய விசைகூட உராய்வில் சூடாகி அதே நீரில்தான் முடியும். சப்மெர்சிபிள் ஜில்லென்று இருப்பதற்குக் காரணம், அது சூடாகவில்லை என்பதல்ல. தன் சூட்டை உடனுக்குடன், முழுமையாக நீருக்குக் கொடுத்துவிடுகிறது. ஏர் பம்ப் கையைச் சுடுவதற்குக் காரணம், தன் சூட்டை எளிதில் இறக்கி வைக்க அதற்கு இடம் கிடைக்கவில்லை. கை சொல்லும் தீர்ப்பு இங்கே தலைகீழ்.

வாதம் போதாது, பார்த்தே விடலாம் என்று மூன்று காலி வாளிகளில் 15 லிட்டர் வெறும் நீர் நிரப்பி, மூடி போட்டு வைத்தோம். மூன்றும் 26.5 டிகிரியில் தொடங்கின. முதல் வாளியில் சப்மெர்சிபிள் மட்டும். இரண்டாவதில் ஏர் பம்பின் மொத்தக் காற்றும் வந்து குமிழியிடும்படி கற்கள், பம்ப் வழக்கம்போல் பெட்டிக்குள். மூன்றாவதில் ஒன்றுமில்லை. மூன்று மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தோம்.

சப்மெர்சிபிள் வாளி 29.9. ஒன்றும் போடாத வாளி 26.4. காற்று விட்ட வாளி 25.9.

கடைசி எண்ணைப் பார்த்து இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. காற்றுக்கல்லுக்குள் நுழையும் இடத்தில் காற்றின் வெப்பம் 38 டிகிரி. 38 டிகிரி காற்றை மூன்று மணி நேரம் ஊதிய நீர், ஒன்றும் செய்யாத நீரை விடக் குளிர்ந்திருந்தது.

சூடான காற்று நீரை ஏன் குளிர்விக்கிறது

காற்று மிக லேசான பொருள், அதனால் அது தூக்கி வரும் சூடும் சொற்பம். நிமிடத்துக்கு 30 லிட்டர் என்றால் மணிக்கு 1.8 கன மீட்டர், எடையில் சுமார் 2.1 கிலோ. நீரை விட ஒவ்வொரு டிகிரி அதிகச் சூட்டுக்கும் இவ்வளவு காற்று கொண்டுவருவது வெறும் 0.6 வாட். நீரை விட 11.5 டிகிரி சூடாக வந்தாலும் 7 வாட்தான்.

அதே காற்று நீருக்குள் குமிழியாக ஏறும்போது வெறுங்கையோடு போவதில்லை. ஈரத்தை அள்ளிக்கொண்டு போகிறது. மேலே வந்து வெடிக்கும்போது அது ஏறக்குறைய முழு ஈரப்பதத்தோடு இருக்கும். அறையின் ஈரப்பதம் அன்று 65 சதவீதம். அந்த நிலையில் இந்தக் காற்று மணிக்கு 17 கிராம் போல நீரை ஆவியாக்கி எடுத்துப் போயிருக்கும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2.4 கிலோஜூல் வேண்டும். அந்தச் சூட்டை வாளி நீரே கொடுக்கிறது. கணக்குப் போட்டால் 11 வாட்டுக்கு மேல். வரவு 7, செலவு 11. அதனால்தான் வாளி குளிர்ந்தது.

இது எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எல்லாம் ஈரப்பதத்தைப் பொறுத்தது. அறை 30 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், பம்ப் 20 டிகிரி சூடேற்றி 50 டிகிரியில் அனுப்பும் காற்றுகூட நீரை 27 டிகிரிப் பக்கம்தான் இழுக்கும். அதே அறையில் ஈரப்பதம் 80 சதவீதம் ஆனால், அதே காற்று நீரை 31 டிகிரிக்குத் தள்ளும். பம்ப் சூடேற்றாத காற்றாக இருந்திருந்தால் அங்கே 27 டிகிரியில் நின்றிருக்கும். ஆக ஏர் பம்பின் சூடு இல்லாத பிரச்னை அல்ல. உலர்ந்த அறையில் ஆவியாதல் அதை மறைத்துவிடும். செடிகள் நெருக்கமாக நிற்கும், காற்றோட்டமில்லாத, புழுக்கமான அறையில் அது முகத்தைக் காட்டும். ஒருவருடைய அனுபவம் இன்னொருவருக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் ஏர் பம்ப் குற்றமற்றதா

இல்லை. அதன் காற்று குற்றமற்றது, அதன் உடம்பு அல்ல.

பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டேன். 34 டிகிரி. 35 வாட்டில் காற்றைத் தள்ளுவதற்கு உண்மையில் செலவாவது எவ்வளவு என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். நிமிடத்துக்கு 30 லிட்டரை 5 கிலோபாஸ்கல் அழுத்தத்துக்கு எதிராகத் தள்ள 2.5 வாட் போதும். மற்றதெல்லாம் மோட்டார் சுருளிலும் உராய்விலும் சூடாகிறது. அழுத்துவதால் காற்று சூடாகிறது என்று சிலர் சொல்வார்கள். இந்த அழுத்தத்தில் அதனால் ஏறுவது 4 டிகிரி போலத்தான். மீதிச் சூடு மோட்டார் உடம்பைத் தடவிக்கொண்டு வருவதால் வருவது.

இப்போது பெட்டியைப் பாருங்கள். சத்தத்துக்காக ஒட்டிய ஃபோம் சூட்டையும் வெளியே விடாது. உள்ளே கிட்டத்தட்ட 30 வாட் அடுப்பு. அதன் பக்கத்தில், பெட்டிக்குள் இருப்பதிலேயே குளிர்ந்த பொருளாக 30 லிட்டர் நீர்த்தொட்டி. சூடு வேறு எங்கே போகும்? தொட்டியின் பரப்பையும் வெப்ப வித்தியாசத்தையும் வைத்துப் போட்ட கணக்கில் 17, 18 வாட் தொட்டிச் சுவர் வழியாக நீரில் இறங்கிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்குப் பம்ப் மூச்சு இழுப்பதும் அதே 34 டிகிரி காற்றை. தன் சூட்டைத் தானே உறிஞ்சி, மேலும் சூடாக்கி, 48 டிகிரியில் வெளியே விட்டது.

சரி, இப்போது மொத்தக் கணக்கு தெளிவாகிவிட்டது. சப்மெர்சிபிளிலிருந்து 24 வாட் நேராக. பெட்டி வழியாக 18 வாட். காற்று வழியாகக் கொஞ்சம் உள்ளே, அதை விடக் கொஞ்சம் அதிகமாக வெளியே. இவ்வளவும் சேர்ந்து, போர்வை போர்த்திய 120 லிட்டருக்குள்.

செய்த மாற்றங்களும் கிடைத்த எண்களும்

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடத்தான் கை துடித்தது. அப்படிச் செய்திருந்தால் எது எவ்வளவு உதவியது என்று கடைசி வரை தெரிந்திருக்காது. 120 லிட்டரை 1 டிகிரி நகர்த்த 502 கிலோஜூல் வேண்டும். 24 வாட் மோட்டார் இதைக் கொடுக்க ஏறக்குறைய 6 மணி நேரம் எடுக்கும். ஆக ஒரு மாற்றத்தின் முழு விளைவு தெரிய இரண்டு, மூன்று நாள் வேண்டும். சாயங்காலம் மாற்றிவிட்டுக் காலையில் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

முதலில் பம்பைப் பெட்டியிலிருந்து எடுத்து அறைக்கு வெளியே நடைவழிச் சுவரில், நீர்மட்டத்துக்கு மேலே ஒரு பலகையில் வைத்தேன். மூன்று நாளில் நீர் 30-லிருந்து 28.1-க்கு வந்தது. அறைக்குள் விளக்குகள் 200 வாட்டுக்கு மேல் எரிகின்றன, அதில் இந்த 35 வாட் வெளியே போனதால் அறை பெரிதாகக் குளிரவில்லை. லாபம் முழுக்கப் பெட்டியை விட்டு வந்ததில்தான். அறைக்கு வெளியே வைக்க வசதி இல்லாதவர்கள், திறந்த வெளியில் தொட்டியிலிருந்து தள்ளி வைத்தாலே பெரும்பகுதி கிடைத்துவிடும்.

அடுத்து சப்மெர்சிபிள். 24 வாட் பம்ப் நீரைத் தேவைக்கு மேல் பல மடங்கு சுழற்றிக்கொண்டிருந்தது. மொத்தக் கரைசலும் மணிக்கு ஒருமுறை சுற்றி வந்தால் என் அமைப்புக்குப் போதும். அதற்கு 6 வாட் பம்ப் ஒன்று கிடைத்தது. மாற்றிய மூன்றாம் நாள் 26.1. அறையின் சராசரியை விடக் குறைவு! வெளியே வைக்கும் இன்லைன் பம்ப் இன்னொரு வழி. அதன் மோட்டார் காற்றில் குளிர்வதால் சூட்டின் பெரும்பகுதி வெளியிலேயே நிற்கும். ஆனால் கசிவுக்கு இடம் கொடுக்கும் இணைப்புகள் கூடும் என்பதால் நான் அதற்குப் போகவில்லை.

போர்வையை அவிழ்க்கவில்லை. உள்ளே அடுப்பு அணைந்த பிறகு அது உண்மையிலேயே போர்வையாக வேலை செய்யத் தொடங்கியது. பகலில் அறை 28-ஐத் தொட்டாலும் நீர் அசையவில்லை.

டியூப் விஷயத்தில் கொஞ்சம் நேரம் செலவிட்டேன், அது வீண் போகவில்லை. பம்புக்கும் கற்களுக்கும் நடுவில் உலோகக் குழாய் போட்டால் காற்று குளிர்ந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். இரண்டு மீட்டர் சிலிகான் டியூபும் அதே நீள அலுமினியக் குழாயும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பம்பை விட்டுக் கிளம்பும் காற்று 41 டிகிரி. சிலிகான் முனையில் 32.5, அலுமினிய முனையில் 32. அவ்வளவுதான் வித்தியாசம். சூடு தடைபடுவது குழாயின் சுவரில் அல்ல, குழாயைச் சுற்றி அசையாமல் நிற்கும் காற்றில். ஒரு சின்ன ஃபேனைக் குழாய்ப் பக்கம் திருப்பியதும் சிலிகான் 29-க்கும் அலுமினியம் 28-க்கும் இறங்கின. ஆக நீளமும் காற்றோட்டமும் முதலில், உலோகம் அப்புறம். உலோகம்தான் வேண்டும் என்றால் அலுமினியமோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போதும். செம்பு வேண்டாம். பம்ப் நின்று கரைசல் குழாய்க்குள் ஏறினால் செம்பு கரைந்து நீரில் சேரும், கொஞ்சம் கூடினாலும் வேருக்கு அது நஞ்சு. நீளமாக இழுக்கும்போது டியூப் மெலிதாக இருந்தால் எதிர் அழுத்தம் கூடி பம்ப் இன்னும் சூடாகும். அதனால் முக்கிய டியூபை அகலமாகவே எடுத்தேன்.

எதிர் அழுத்தம் என்றதும் காற்றுக்கற்களைச் சொல்லாமல் விட முடியாது. பழைய கற்களை உடைத்துப் பார்த்தபோது மேல்தோல் முழுக்க உப்புப் படிந்து சுண்ணாம்பு பூசிய மாதிரி இருந்தது. ஏழையும் மாற்றிய அன்றே பம்பிலிருந்து கிளம்பும் காற்று 44-லிருந்து 41-க்கு வந்தது. மேலே சொன்ன 41 அதுதான். இன்னொன்று: காற்று அதிகமாக வருகிறது என்று வால்வைத் திருகி அடைக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. பிஸ்டன் பம்பை அப்படி மூச்சடைக்க வைத்தால் அது சூடாகத்தான் ஆகும். காற்றைப் பல டியூப்களுக்குப் பிரிக்கும் மேனிஃபோல்டில் ஒரு முனையைத் திறந்து விட்டு, வேண்டாத காற்றை வெளியே போக விடுவதுதான் சரியான வழி.

செய்யாமல் விட்டவை

ஏர் பம்பை டைமரில் போட்டு இரவில் பாதி நேரம் நிறுத்தலாம் என்ற யோசனை முதலில் வந்தது. சூடும் பாதியாகும் அல்லவா? ஆனால் 15 லிட்டர் வாளியில், லிட்டருக்கு 8 மில்லிகிராம் என்று வைத்தாலும், மொத்த ஆக்ஸிஜன் இருப்பு 120 மில்லிகிராம்தான். இரவிலும் வேர் மூச்சு விடும். நன்றாக வளர்ந்த வேர்க்கற்றை உள்ள வாளியில், அதுவும் நீர் சூடாக இருக்கும்போது, குமிழியை நிறுத்துவது சூதாட்டம். பம்பே வேண்டாம் என்றால் அதற்கென்று வேறு முறை இருக்கிறது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி உருவாக்கிய முறையில் கரைசல் அசையாமல் நிற்கும், நீர் இறங்க இறங்க மேல் வேர்கள் ஈரக் காற்றில் மூச்சு விடும். லெட்டூஸுக்கு அருமையான முறை அது. ஆனால் நீரில் முழுக்க மூழ்கியே வளர்ந்த வேரை ஒரே நாளில் அந்த முறைக்குப் பழக்க முடியாது.

நீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லர் வாங்கும் யோசனையையும் தள்ளி வைத்தேன். சில்லர் நீரிலிருந்து எடுக்கும் சூட்டோடு தன் சூட்டையும் சேர்த்து அறைக்குள்தான் கொட்டும். நீருக்குள் 40 வாட் அடுப்பை எரிய விட்டுவிட்டு அதை அணைக்க இன்னொரு இயந்திரம் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுப்பை அணைத்த பிறகும் தேவைப்பட்டால் வாங்கலாம்.

கவனமாக இருக்க வேண்டிய இடங்கள்

பம்பை வெளியே கொண்டுபோனதில் இரண்டு புது வேலைகள் சேர்ந்தன. ஒன்று, தூசி. நடைவழியில் தூசி அதிகம், உறிஞ்சும் முனையில் உள்ள ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவுகிறேன். இரண்டு, சத்தம். பம்பைக் கடின ஃபோம் துண்டுகள் மேல் உட்கார வைத்து, பலகையைச் சுவரில் நேராக அடிக்காமல் ரப்பர் வாஷர் போட்டு மாட்டினேன். உறுமல் முக்கால்வாசி அடங்கியது. அடியில் காற்று புகுந்து போக இரண்டு விரல் இடைவெளி விட்டிருக்கிறேன். இனி எந்தக் காரணத்துக்காகவும் அதை மூடப் போவதில்லை. மூடிய பெட்டியில் ரப்பர் பாகங்கள் சூட்டில் இறுகி வெடிக்கும், காற்று குறையும், செடி வாடும் வரை அது நமக்குத் தெரியவே தெரியாது. மணிக்கணக்காக ஓடும் மின் சாதனத்தை ஃபோமுக்கு நடுவில் வைத்திருந்ததை நினைத்தால் இப்போது வயிற்றைப் பிசைகிறது.

பம்ப் நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதோடு ஒரு பக்கம் மட்டும் போக விடும் நான்-ரிட்டர்ன் வால்வும் போட்டிருக்கிறேன். மின்சாரம் போனால் கரைசல் டியூப் வழியாகப் பின்னோக்கி ஏறும், அந்த நீர் மோட்டாருக்குள் போகக் கூடாது.

அதற்குப் பிறகு

அழுகிய இரண்டு லெட்டூஸ் செடிகளைக் காப்பாற்ற முடியவில்லை. மீதியில் செத்த வேரை வெட்டி, வாளிகளையும் டியூபுகளையும் தேய்த்துக் கழுவி, புதுக் கரைசல் ஊற்றினேன். பத்து நாளில் பழுப்பு வேர்களுக்கு நடுவிலிருந்து வெள்ளை முனைகள் எட்டிப் பார்த்தன. நடுப்பகல் வாட்டம் நின்றது.

26.1 என்பது 24 அல்ல. மீதி இரண்டு டிகிரிக்கு ஐஸ் போதுமா என்று கணக்குப் பார்த்தேன். 2 லிட்டர் நீரை உறைய வைத்துத் தொட்டியில் போட்டால், அது உருகி நீரின் வெப்பத்துக்கு வரும் வரை சுமார் 870 கிலோஜூல் எடுக்கும். நாள் முழுக்கப் பரப்பிப் பார்த்தால் அது 10 வாட். பழைய அமைப்பில் இது கடலில் கரைத்த பெருங்காயம், சப்மெர்சிபிள் ஒன்றே அதைப் போல இரண்டரை மடங்கு சூட்டைக் கொட்டிக்கொண்டிருந்தது. இப்போது நாளுக்கு ஒரு பாட்டில் போட்டால் நீர் 24.6-ல் நிற்கிறது. மூடியை இறுக்கிய பாட்டிலாகவே போடுகிறேன், கரைசலின் செறிவு மாறுவதில்லை. காலை, இரவு என்று இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்களாகப் பிரித்துப் போடும்போது ஏற்ற இறக்கம் குறைகிறது.

சென்ற வாரம் நான்கு நாள் விடாத புழுக்கம். அறையின் ஈரப்பதம் 85 சதவீதம். ஒன்றையும் மாற்றவில்லை, நீர் மட்டும் 24.6-லிருந்து 25.7-க்கு ஏறியது. குமிழிகள் ஈரத்தை அள்ளிப் போவது குறைந்துவிட்டது, அவ்வளவுதான். டியூப் பக்கம் திருப்பிய சின்ன ஃபேனை அந்த நான்கு நாளும் ஓட விட்டு, பாட்டிலை மூன்றாக்கினேன். இன்று காலை 6 மணிக்கு அறை 25.2, நீர் 24.5.